புது வெர்ஷன் வந்தாலே சாஃப்ட்வேரின் தோற்றத்தை ஏன் மாற்றிவிடுகிறார்கள்?

சென்னை ஓஎம்ஆரில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஸ்கிரீன் டிசைன் செய்வதுதான் என் வேலை. அதனால் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சில மாற்றங்கள் இடநெருக்கடியால் வருபவை. வேர்டின் முதல் பதிப்பில் சுமார் 100 கட்டளைகள் இருந்தன. 2003 பதிப்பில் அவை 1,500-ஐத் தாண்டின. மெனுவுக்குள் மெனுவாக அடுக்கிக்கொண்டே போனதில், ஏற்கெனவே இருக்கும் வசதியையே புதிதாகச் சேர்க்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். அதனால்தான் 2007-இல், மெனுக்களுக்குப் பதிலாக மேலே பட்டன்களைப் பட்டையாகப் பரப்பிவைக்கும் ரிப்பன் வந்தது. பழகியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனாலும் அது தேவையான மாற்றம்தான். எக்செலில் ஆல்ட், இ, எஸ் என்று பழைய மெனுவுக்குக் கீபோர்டில் தட்டியவர்களின் விரல்களுக்கு அதே வரிசை புதியதிலும் வேலை செய்யும்படி விட்டுவைத்தார்கள். அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கருவி மாறினாலும் தோற்றம் மாறும். டச் ஸ்கிரீனை மனதில் வைத்து 2012-இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனை எடுத்தது. மேஜையில் மவுஸோடு உட்கார்ந்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள். அடுத்த ஆண்டே பட்டன் திரும்பியது; மெனு முழுதாகத் திரும்ப 2015 ஆனது.

வெளியே அதிகம் பேசப்படாத காரணமும் ஒன்று உண்டு. புது வெர்ஷன் புதிதாகத் தெரிந்தால்தான் விற்கிறவர் காட்டிப் பேச முடியும். வேகத்தைக் கூட்டியதும் பிழை திருத்தியதும் கண்ணுக்குத் தெரியாது. நன்றாக இருப்பதைக் கெடுக்காமல் காத்தவருக்கு அப்ரைசலில் மதிப்பெண்ணும் கிடையாது. இந்தக் காரணத்துக்காக மட்டும் செய்கிற மாற்றத்தை நான் ஏற்பதில்லை.

ஏனென்றால் அதன் செலவு வேறொருவர் தலையில் விழுகிறது. புத்தகம், நோட்டீஸ் போன்றவற்றுக்குப் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-இல் வந்தது. 2004-இல் அடோபி அதை வளர்ப்பதையே நிறுத்தியது. அதன் பிறகும் பல ஆண்டுகள் நம்மூர் டிடிபி கடைகள் அதை விடவில்லை. பக்கக் கணக்கில் கூலி வாங்குபவருக்குப் பட்டனைத் தேடும் நேரம் முழுக்க நஷ்டம். பழைய ஃபாண்டில் அடித்த ஃபைல்கள் வேறு மலையாகக் கிடந்தன.

நீங்கள் பயன்படுத்தும் செயலி மாறிப்போய்ச் சிரமப்பட்டால் ஃபீட்பேக்கில் கட்டாயம் எழுதுங்கள். "நல்லா இல்லை" என்று மட்டும் எழுதினால் எங்களால் அதை மீட்டிங்கில் வைத்து வாதாட முடியாது. "பில் போட முன்பு 2 கிளிக், இப்போது 5" என்று எழுதினால் முடியும்.