வலி வரும் முன்பே வாருங்கள்: குழந்தைகளின் பல், பெரியவர்களின் பயம் – கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி குழந்தைகளின் பற்களைப் பற்றியவை. மீதி, பல் டாக்டர் என்றாலே உள்ளங்கை வியர்க்கும் பெரியவர்கள் அனுப்பியவை. இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே எழுதுகிறேன். ஏனென்றால் நாற்காலியில் உட்காரவே பயப்படும் பெரியவர்களிடம் பேசிப் பார்த்தால், பலருக்கும் அந்தப் பயம் சின்ன வயதில், ராத்திரி முழுக்கத் தூங்கவிடாத ஒரு பல்வலியோடு ஓடி வந்த நாளில்தான் தொடங்கியிருக்கிறது.

கேள்வி: 4 வயது மகனுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. எப்படியும் விழப்போகிற பால் பல்தானே, அப்படியே விட்டுவிடலாமா?

எந்தப் பல் எப்போது விழும் என்று தெரிந்தால் இந்தக் கேள்வியே வராது. முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கும், சரி. ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. அதாவது உங்கள் பையன் இன்னும் ஆறேழு வருடம் அந்தப் பல்லை வைத்துத்தான் மென்று சாப்பிட வேண்டும். பால் பல்லின் எனாமல் மெல்லியது, உள்ளே இருக்கும் நரம்பும் மேற்பரப்புக்குக் கிட்டத்தில் இருக்கிறது, அதனால் சின்னதாகத் தெரிகிற சொத்தை சில மாதங்களிலேயே சீழ் வரைக்கும் போய்விடக்கூடும். சீக்கிரமே பிடுங்கும்படி ஆனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும், பின்னால் வரவேண்டிய நிலைப்பல்லுக்கு இடம் இருக்காது.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆரம்பத்திலேயே வந்தால் ஊசியும் ட்ரில்லும் இல்லாமலே பல சொத்தைகளை நிறுத்திவிடலாம். வெறும் வெள்ளைத் திட்டாக இருந்தால் ஃப்ளோரைடு வார்னிஷ் என்ற, எனாமலை உறுதியாக்கும் பூச்சைத் தடவி, வீட்டில் ஒழுங்காகத் தேய்த்தாலே பெரும்பாலும் போதும், அந்தக் கட்டத்தில் பல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். குழி விழுந்திருந்தால் சில்வர் டைஅமைன் ஃப்ளோரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைக்கலாம். சொத்தை பரவாமல் நிற்கும், ஆனால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும், அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று ஹால் முறை. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் கையாண்டதால் அந்தப் பெயர். சொத்தையைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒரு ஸ்டீல் கேப்பைச் சிமென்ட் வைத்து அழுத்திவிடுவோம், உள்ளே மாட்டிய கிருமிகளுக்குச் சாப்பாடு கிடைக்காமல் சொத்தை நின்றுபோகும். கடிக்கும்போது கொஞ்சம் உயரமாக இருப்பதுபோல் தோன்றும், சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். நரம்பு வரை போகாத பல்லுக்குத்தான் இதெல்லாம் பொருந்தும், அதனால் இந்த மாதமே காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயது மகள் பிரஷைப் பார்த்தாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். பேஸ்ட் போடலாமா, எவ்வளவு?

போடலாம், ஃப்ளோரைடு உள்ளதே போடுங்கள். 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவு ஃப்ளோரைடு இருக்கிறதா என்று ட்யூபில் பார்த்துக்கொள்ளுங்கள். 3 வயது வரை ஓர் அரிசி மணி அளவு, அதற்குப் பிறகு 6 வயது வரை பட்டாணி அளவு, அவ்வளவுதான். விளம்பரத்தில் பிரஷ் முழுக்கச் சுருள் சுருளாகப் பிழிவதைப் பார்த்துப் போடாதீர்கள்.

வாயை மூடிக்கொள்வதற்குப் பெரும்பாலும் நாம் நிற்கிற இடம்தான் காரணம். எதிரில் நின்று பிரஷை நீட்டினால் எந்தக் குழந்தையும் பின்வாங்கும். நீங்கள் தரையில் உட்கார்ந்து, அவள் தலையை உங்கள் மடியில் சாய்த்துப் படுக்கவையுங்கள். முகம் மேலே பார்த்திருக்கும், உங்களுக்கும் பற்கள் நன்றாகத் தெரியும். மேல் உதட்டை ஒரு விரலால் தூக்கி, ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், சொத்தையின் முதல் அடையாளம் அதுதான். ஒரு பிரஷை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு இன்னொன்றால் நீங்கள் தேயுங்கள். அழுகிற நாளில் இருபது வரை எண்ணி முடித்துவிடுங்கள், ஆனால் ஒரு ராத்திரியும் விடாதீர்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடுவதால் ராத்திரிதான் பற்களுக்குப் பாதுகாப்பு குறைவு. தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். துப்பத் தெரிந்த வயது வந்ததும் துப்பச் சொல்லுங்கள், வாய் கொப்பளிக்க வேண்டியதில்லை, கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். அப்புறம், 7, 8 வயது வரை தேய்த்துவிடுவது உங்கள் வேலை. அதுவரை குழந்தையின் கைக்கு அந்த நுணுக்கம் வராது.

கேள்வி: இனிப்பே அதிகம் கொடுப்பதில்லை. ஆனாலும் சொத்தை ஏன்?

எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். சர்க்கரை வாய்க்குள் போனதும் கிருமிகள் அமிலம் உண்டாக்கும். பல்லின் மேல் உள்ள பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும், எச்சில் அதைச் சரிக்கட்ட அரைமணி நேரமாவது ஆகலாம். சாப்பாட்டோடு ஒரு இனிப்பு சாப்பிட்டுவிட்டுப் போகிற குழந்தையைவிட, ஒரு டம்ளர் ஜூஸை மதியம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிற குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்குவது, அடிக்கடி கொறிக்கும் பிஸ்கட், தினமும் கொடுக்கும் இனிப்பு சிரப் மருந்து, இவற்றையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: 5 வயது மகளை முதல்முறையாகப் பல் டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். என்ன சொல்லித் தயார்செய்வது?

முதல்முறையே 5 வயதில் என்பது கொஞ்சம் தாமதம்தான். முதல் பல் முளைத்த பிறகு, ஒரு வயது முடிவதற்குள் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. சரி, இனி ஆகவேண்டியதைப் பார்ப்போம்.

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். அதுவரை வலியைப் பற்றி யோசிக்காத குழந்தைக்கு அந்த வார்த்தையை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். "ஊசி போட மாட்டாங்க" என்பதும் அப்படித்தான், ஒருவேளை போட வேண்டி வந்தால் உங்கள் மேலும் நம்பிக்கை போகும், எங்கள் மேலும் போகும். "பல் டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பாங்க, ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருப்பாங்க, நாற்காலி மேலேயும் கீழேயும் போகும்" என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை எங்களிடம் விட்டுவிடுங்கள். தைரியமாக இருந்தால் பொம்மை வாங்கித் தருகிறேன் என்று முன்கூட்டியே பேரம் பேசுவதும் உதவாது. தைரியம் தேவைப்படுகிற அளவுக்கு அங்கே என்னவோ இருக்கிறது என்று கெட்டிக்காரக் குழந்தை புரிந்துகொள்ளும். முடிந்த பிறகு பாராட்டுங்கள், அதுவும் குறிப்பாக, "வாயை எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தாய்!" என்று.

இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்: சாப்பிடாத குழந்தையிடம், அடம் பிடிக்கிற குழந்தையிடம், "டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டாதீர்கள். அப்படி வளர்ந்த குழந்தை உள்ளே நுழையும்போதே தண்டனைக்கு வந்ததாக நினைக்கிறது. அந்த எண்ணத்தைக் கழற்ற எங்களுக்குப் பல மாதங்கள் ஆகின்றன.

நாங்கள் செய்வது என்ன? எந்தக் கருவியாக இருந்தாலும் முதலில் அது என்ன என்று சொல்வோம், அப்புறம் விரல் நகத்தில் வைத்துக் காட்டுவோம், அதற்குப் பிறகுதான் வாய்க்குள் போகும். 1959-லேயே எழுதிவைக்கப்பட்ட முறை, இன்றும் இதைவிட எளிதான வழி கிடையாது. இது வேலை செய்ய வேண்டுமென்றால் அறையில் ஒரு குரல்தான் கேட்க வேண்டும். நான் ஒருபுறம் பேச, அம்மா ஒருபுறம், அப்பா ஒருபுறம் "வாயைத் திற, திற" என்றால் குழந்தை யாரைக் கேட்கும்? நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருந்தாலே பெரிய உதவி. உங்களுக்கே பல் டாக்டர் என்றால் பயம் என்றால், வீட்டில் பயப்படாதவர் யாரோ அவரை அனுப்புங்கள், குழந்தைகள் முகத்தைப் படித்துவிடுவார்கள். தூக்கம் வரும் நேரம் வேண்டாம், காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். அழுதாலும் பரவாயில்லை, அழுதுகொண்டே வாயைத் திறந்த குழந்தைகள் அடுத்தமுறை சிரித்தபடி வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

கேள்வி: எனக்கு 38 வயது. பத்து வருடங்களுக்கு மேலாகப் பல் டாக்டரிடம் போகவில்லை. பயம் ஒருபக்கம், இப்படி விட்டுவிட்டோமே என்ற வெட்கம் ஒருபக்கம். எப்படித் தொடங்குவது?

வெட்கப்பட எதுவுமே இல்லை. பயந்து வராமல் இருந்து, ஒருநாள் தாங்க முடியாமல் வருகிறவர்களைப் பார்க்காத பல் டாக்டரே கிடையாது. இந்தப் பயத்தை அளக்க 1995-ல் வெளியான ஒரு கேள்வித்தாள்கூட இருக்கிறது. ஐந்தே கேள்விகள்: நாளைக்குப் போகவேண்டும் என்றால், வெளியே காத்திருக்கும்போது, ட்ரில் வைக்கும்போது, ஸ்கேலிங் என்ற பல் சுத்தம் செய்யும்போது, ஊசி போடும்போது எப்படி இருக்கும் என்று. மொத்தம் 25-க்கு 19 அல்லது அதற்கு மேல் வந்தால் அது கடுமையான பயம், அதற்கேற்ற மாதிரி திட்டம் போட வேண்டும். எது உங்களை அதிகம் பயமுறுத்துகிறது என்று இந்த ஐந்தில் நீங்களே அடையாளம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் பாதிப் பேச்சு முடிந்தது.

அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: "எனக்கு ரொம்பப் பயம், முதல் தடவை பேச மட்டும்தான் வருகிறேன்." வாயைப் பார்ப்பது, தேவைப்பட்டால் ஒரு எக்ஸ்ரே, அத்தோடு வீட்டுக்கு. இதற்கு ஒப்புக்கொள்ளாத இடம் உங்களுக்கான இடம் இல்லை. அடுத்து, கை சைகை. இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள், தேவையே இல்லாதபோது ஒருமுறை தூக்கிச் சோதித்தும் பாருங்கள். நிறுத்த முடியும் என்று தெரிந்தாலே பலருக்குப் பயம் பாதியாகக் குறைகிறது.

ஊசியைப் பற்றி. குத்தும் இடத்தில் முதலில் ஜெல் தடவி ஓரிரு நிமிடம் காத்திருந்தால் குத்துவது அவ்வளவாகத் தெரியாது. மருந்து வேகமாக உள்ளே போகும் அழுத்தம்தான் வலிக்கிறது, அதனால் "மெதுவாகப் போடுங்கள்" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. போட்டவுடனே நெஞ்சு படபடக்கிறதா? மருந்தில் பெரும்பாலும் கொஞ்சம் அட்ரீனலின் கலந்திருக்கும், அதன் வேலையாக இருக்கலாம், சில நிமிடங்களில் அடங்கும். இதை யாரும் சொல்லாததால், தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தவர்கள் நிறைய. இதய நோய் இருந்தால் மட்டும் முன்பே சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று, இதுதான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது. வீங்கி, கடுமையாக வலிக்கிற பல்லில் மரத்துப்போகும் மருந்து சரியாகப் பிடிக்காது. அங்கே திசுவில் அமிலத்தன்மை கூடியிருக்கும், நரம்பும் சீண்டப்பட்டு இருக்கும். பயந்து தள்ளிப்போட்டு, வலி முற்றிய பிறகு வந்து, அன்று மருந்து பிடிக்காமல் இன்னும் வலித்து, பயம் கூடி, அடுத்தமுறை இன்னும் தள்ளிப்போடுவார்கள். இந்தச் சுழலை உடைக்க ஒரே இடம், வலி இல்லாத நாள். ஆகவே எதுவும் வலிக்காத இந்த வாரமே போய், ஸ்கேலிங் அல்லது ஒரு சின்னச் சொத்தையை அடைப்பதிலிருந்து தொடங்குங்கள், பெரிய வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறேன்.

இது சாதாரணப் பதற்றத்திலிருந்து வேறுபட்டது. இதில் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்குகிறது, அதனால் உடம்பைத் தளர்த்தச் சொல்லும் அறிவுரை இங்கே உதவாது. தொடை, வயிறு, கை தசைகளை 10, 15 நொடி இறுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி இறுக்குங்கள், அழுத்தம் ஏறும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், படுத்த நிலையில் ஊசி போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள 9 வயது மகனுக்குப் பேஸ்டின் நுரையும் காரமும் ஆகவே ஆகாது. டாக்டரிடம் சத்தமும் வெளிச்சமும் பிரச்சினை.

நுரை வராத, சுவை இல்லாத ஃப்ளோரைடு பேஸ்ட்கள் கிடைக்கின்றன, முதலில் அதற்கு மாறுங்கள். மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் தேய்க்கும் பிரஷ் உண்டு, நேரம் குறையும். குளியலறையில்தான் தேய்க்க வேண்டும் என்றும் இல்லை, அவனுக்குப் பிடித்த இடத்தில், தினமும் அதே வரிசையில் தேயுங்கள், வரிசை மாறாமல் இருப்பதுதான் அவனுக்கு ஆறுதல். டாக்டரிடம் போகும்முன் அந்த அறை, நாற்காலி, டாக்டரின் முகம் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வீட்டில் காட்டுங்கள். கூட்டம் இல்லாத நேரம், கறுப்புக் கண்ணாடி, காதை மூடும் ஹெட்ஃபோன் எல்லாம் கேட்டுப் பெறலாம். முதல் தடவை நாற்காலியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாலும் அது ஒரு முன்னேற்றம்தான்.

கேள்வி: 3 வயதுக் குழந்தைக்கு எட்டுப் பற்களில் சொத்தை. முழு மயக்கத்தில் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

சிரிப்பூட்டும் வாயு என்ற நைட்ரஸ் ஆக்சைடு போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். அதில் குழந்தை விழித்தேதான் இருக்கும், மூக்கில் வைக்கும் மாஸ்க்கை ஏற்றுக்கொண்டு சொன்னதைக் கேட்கிற வயதாக இருக்க வேண்டும், 3 வயதில் எட்டுப் பற்களுக்கு அது பெரும்பாலும் சரிப்படாது. பல தடவை பிடித்து வைத்து அழவிட்டுச் செய்வதைவிட முழு மயக்கமே மேல் என்று நானும் சில குழந்தைகளுக்குச் சொல்வதுண்டு. அதற்கு முன்னால் கேளுங்கள்: மயக்க மருந்து நிபுணர் தனியாக இருப்பாரா, குழந்தைகளுக்குக் கொடுத்துப் பழகியவரா, அவசரத்துக்கு வேண்டிய எல்லா வசதியும் அங்கேயே இருக்கிறதா, சீழ் இல்லாத பற்களுக்கு முதலில் சொன்ன சில்வர் திரவமோ கேப்போ போதாதா என்று. எத்தனை மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வதைக் கறாராகக் கடைப்பிடியுங்கள், இடையில் ஒரு வாய் பால்கூடக் கொடுக்கக் கூடாது. சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லித் தேதியை மாற்றுங்கள். சிகிச்சை முடிந்து கிளம்பும்போதே மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பல்லை எண்ணி, வார்னிஷ் தடவி அனுப்பிவிடச் சொல்லுங்கள், வேறு எந்த வேலையும் வேண்டாம்.