உழக்கும் ஆழாக்கும் ஒன்றா?

கேள்வி: எங்கள் அப்பத்தா எழுதி வைத்திருந்த கைவைத்தியக் குறிப்பேடு அண்மையில் எனக்குக் கிடைத்தது. அதில் சளிக்கான கஷாயத்துக்கு, சுக்கு, மிளகு, திப்பிலியைத் தட்டிப் போட்டு, ‘உழக்குத் தண்ணீர் ஊற்றி ஆழாக்காகச் சுண்டக் காய்ச்சவும்’ என்று இருக்கிறது. உழக்கு, ஆழாக்கு இரண்டும் ஒன்றுதான் என்கிறார் என் மாமியார். எங்கள் ஊர்ப் பால்காரர் உழக்கு என்று சொல்லி ஊற்றுகிற பாலோ 200 மில்லிலிட்டர்தான் இருக்கிறது. நான் எந்த அளவைக் கொள்வது?
— வாசகி, திருமங்கலம்

பதில்: உங்கள் கேள்விக்கான விடை உங்கள் அப்பத்தாவின் வாக்கியத்திலேயே இருக்கிறது. இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றென்றால், உழக்குத் தண்ணீரை ஆழாக்காகச் சுண்டக் காய்ச்சும்படி அவர் எழுதியிருக்க வேண்டிய தேவையே இல்லை; அடுப்பில் வைத்த நீர் அப்படியே இருக்கும்போது இறக்கிவிடலாம். ஆழாக்கு என்பது உழக்கில் சரிபாதி. ஊற்றிய நீர் பாதியாக வற்ற வேண்டும் என்பதைத்தான் அவர் அளவைப் பெயர்களால் சொல்லியிருக்கிறார்.

பழைய முகத்தலளவைக் கணக்கு இது: 360 நெல் கொண்டது ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. ஆகவே படியில் கால் பங்கு உழக்கு. அந்தக் காலில் அரை, அதாவது அரைக்கால் பங்கு, ஆழாக்கு. பெருக்கிப் பார்த்தால் ஒரு படிக்கு 14,400 நெல் வரும். இந்தக் கணக்கைக் கேட்டறிந்த மூத்தவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். ‘அரைக்கால்’ என்ற சொல் அரையும் காலும் சேர்ந்து பிறந்ததைப் போலவே, ‘அரையுழக்கு’ என்பதுதான் நாவில் தேய்ந்து ‘ஆழாக்கு’ ஆயிற்று என்று நான் கருதுகிறேன். மலையாளத்திலும் ஆழக்கு, உழக்கு, உரி, நாழி என்ற வரிசை இன்றும் இருக்கிறது. அங்கும் ஆழக்கு உழக்கில் பாதிதான்.

கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டில் ஐயம் எழாது. சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகளைக் கொடையாக அளித்து, அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று விதித்த கல்வெட்டுகள் ஏராளம். உழக்குக்கும் கூடுதலாக வேண்டியிருந்த இடங்களில் ‘உழக்கே ஆழாக்கு’ என்று இரண்டையும் அடுத்தடுத்து வெட்டியிருக்கிறார்கள். அது படியில் எட்டில் மூன்று பங்கு. ஒரே பொருளுடைய இரண்டு சொற்களைக் கணக்கெழுதுபவர் எவரும் இப்படி அடுக்க மாட்டார். அளவையில் அக்காலத்தவர் காட்டிய கண்டிப்பு என்னை எப்போதும் வியக்கவைக்கிறது: எந்த மரக்கால் என்பதில்கூடக் குழப்பம் வரக்கூடாதென்று, தஞ்சைப் பெரியகோயிலில் ‘ஆடவல்லான்’ என்று மரக்காலுக்கே பெயர் சூட்டி எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் உங்கள் மாமியார் சொல்வது வெறும் பிழையா என்றால், அவர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் இந்தக் குழப்பம் வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் காலத்துச் சென்னை மாகாண அளவை வாய்பாட்டில் ‘ஒல்லக்’ என்றோர் அளவு உண்டு. 8 ஒல்லக் ஒரு படி, 8 படி ஒரு மரக்கால் என்று அந்த வாய்பாடு செல்லும். ஒலியைக் கேட்டால் ஒல்லக் நம்முடைய உழக்கு, அதுவும் மதுரைப் பக்கத்து வாய்மொழியான ‘ஒழக்கு’. அளவைப் பார்த்தாலோ எட்டில் ஒன்றாகிய ஆழாக்கு. ஏட்டிலேயே இரண்டும் இப்படிக் கலந்து நின்றபோது, வீட்டுப் பேச்சில் கலந்ததில் வியப்பில்லை.

அதைவிடப் பெரிய காரணம் லிட்டர் என்று நினைக்கிறேன். 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் முறை படிப்படியாகக் கடைகளுக்கு வந்து, முத்திரை குத்திய புதிய அளவைகள் 50, 100, 200, 500 மில்லிலிட்டர் என்ற வரிசையில் அமைந்தன. படியை 1,344 மில்லிலிட்டர் என்று கொள்ளும் பரவலான கணக்கின்படி உழக்கு 336 மில்லிலிட்டர், ஆழாக்கு 168 மில்லிலிட்டர். புதிய வரிசையில் இந்த இரண்டுக்கும் ஈடான பாத்திரம் இல்லை. ஆழாக்குக்கு மிக அருகில் இருந்தது 200. உழக்குக்கும், 500ஐ விட 200தான் சற்று அருகில் இருந்தது. எனவே சில ஊர்களில் ஆழாக்கு என்றும் சில ஊர்களில் உழக்கு என்றும் அதே 200 மில்லிலிட்டர்ப் பாத்திரம் பெயர் பெற்றுவிட்டது. பாத்திரம் போய்ப் பெயர் மட்டும் தங்கியதன் விளைவு இது. உங்கள் பால்காரர் உங்களை ஏமாற்றவில்லை. ஆனால், அவர் ஊற்றும் ‘உழக்கு’ உங்கள் அப்பத்தாவின் உழக்கு அன்று என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

அரிசிக்கு வரும்போது இன்னொரு நுட்பம் உண்டு. தானியத்தைத் தலைதட்டியும் அளக்கலாம், கோபுரமாகக் குவித்தும் அளக்கலாம். அதனால் ஒரே உழக்கு ஒரு வீட்டில் கூடும், மற்றொரு வீட்டில் குறையும். நீருக்கும் பாலுக்கும் எண்ணெய்க்கும் அந்தச் சலுகை கிடையாது. கஷாயக் குறிப்பைப் பொறுத்தவரை இது நமக்கு உதவியே. மின்சாரக் குக்கருடன் வரும் அரிசிக் குவளையைச் சில வீடுகளில் ஆழாக்கு என்றே அழைக்கிறார்கள். ஜப்பானிய வழக்கில் அந்தக் குவளை ஏறத்தாழ 180 மில்லிலிட்டர் என்பதால், பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: 336 மில்லிலிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, 168 மில்லிலிட்டராக வற்றும் வரை மிதமான தீயில் வையுங்கள். சற்று முன்பின் ஆனாலும் குற்றமில்லை. பாதியாக வற்ற வேண்டும் என்பதே முக்கியம். பாட்டிமார் விறகுக்குச்சியை நீரில் நிறுத்தி, நனைந்த உயரத்தில் பாதிக்கு அடையாளம் கீறிக்கொண்டு காய்ச்சியதை நான் பார்த்திருக்கிறேன். பக்கம் நேராக இருக்கும் பாத்திரத்துக்கு அந்த முறை இன்றும் போதும். குறிப்பேட்டின் வேறு பக்கங்களில் ‘ஒரு படி நீரை எட்டிலொன்றாய்க் குறுக்கி’ என்று வந்தால், கடைசியில் மிஞ்ச வேண்டியதும் இதே ஆழாக்குத்தான்.

கேள்வி: ‘ஆளாக்கு’ என்று எழுதுவது தவறா? ஆழம் என்ற சொல்லிலிருந்துதான் ஆழாக்கு வந்தது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?
— வாசகர், மேலூர்

பதில்: எழுத்தில் தவறு, ழகரமே சரி. நம் பக்கத்தில் வாழைப்பழத்தை வாளப்பளம் என்று சொல்வதைப் போல ஆழாக்கும் பேச்சில் ஆளாக்கு ஆகிறது. ‘பிள்ளையை ஆளாக்கினேன்’ என்பதில் வரும் ஆளாக்கு வேறு சொல். அது வளர்த்து மனிதனாக்குவதைக் குறிக்கும். ஆழத்துடன் உறவு சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆழாக்கு, அளவைகளுள் ஆழம் குறைந்த சிறு பாத்திரம். மேலே சொன்னபடி அரையுழக்கு என்பதோடு பொருத்துவதே ஒலிக்கும் அளவுக்கும் இசைகிறது. அதுபோலவே, உழக்குதல் என்ற வினைக்குக் கலக்குதல், மிதித்தல் என்ற பொருள்கள் உண்டு; அளவைப் பெயரோடு அதையும் சேர்த்துவிட வேண்டாம்.