கப்பல் போய்விட்டது, பணத்தை யாரிடம் கேட்பது?

கேள்வி: பள்ளி விடுமுறையில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு சொகுசுக் கப்பலில் போனோம். ஃபுக்கெட் முடிந்து, நான்காம் நாள் பினாங்கு. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா விலை கூடுதல் என்பதால் தேக்கா பக்கம் ஒரு பயண முகவரிடம் "கப்பல் பயணிகளுக்கான ஜார்ஜ் டவுன் ஒரு நாள் சுற்றுலா, தமிழ் வழிகாட்டியுடன்" என்று ஆளுக்கு 95 வெள்ளி, மொத்தம் 475 வெள்ளி கட்டினோம். 9 மணிக்கு வரவேண்டிய வேன் 10 மணிக்கு வந்தது. வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. பட்டியலில் இல்லாத மூன்று கடைகளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழிந்தது. கெக் லோக் சி கோயிலுக்குப் போகவேயில்லை. கடைசியில் பினாங்கு மலைக்குப் போய், இறங்குகிற ரயிலுக்கு வரிசையில் நின்று, துறைமுகம் திரும்பியபோது 6.05. கப்பலில் ஏறவேண்டிய கடைசி நேரம் 5.30. ஹோட்டலுக்கு 210, மறுநாள் விமானத்துக்கு 720, டாக்சி, சாப்பாட்டுக்கு 85 வெள்ளி செலவு. முகவரோ, "தவறு பினாங்கு நிறுவனத்துடையது. கப்பலைத் தவறவிட்டால் பொறுப்பில்லை என்று இன்வாய்ஸிலேயே இருக்கிறது. செண்டோல் சாப்பிட 20 நிமிடம் நிறுத்தச் சொன்னது உங்கள் வீட்டுக்காரர்தானே?" என்கிறார். 150 வெள்ளி வவுச்சர் தருகிறாராம், ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்கள் செலவு, கப்பலில் வீணான ஓர் இரவுக்கு 800, மன உளைச்சலுக்கு 5,000 வெள்ளி எல்லாம் கேட்கலாமா?
— ஒரு வாசகி, ஈசூன்

பதில்: முதலில், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். போட்டுவிட்டால் மீதிக் கோரிக்கை எல்லாம் அந்த 150 வெள்ளியோடு முடிந்துவிடும். வவுச்சரை ஏற்கெனவே வாங்கியிருந்தால் பயன்படுத்தாமல் வைத்திருங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது முகவரிடம்தான். கப்பல் நிறுவனத்திடம் கேட்டுப் பயனில்லை. அவர்களே விற்ற சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், அல்லது பயணிகளை அடுத்த துறைமுகத்துக்குத் தங்கள் செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அவர்களுடைய கூடுதல் விலையில் இந்த உறுதியும் அடங்கியிருக்கிறது. வெளியே வாங்கிய சுற்றுலாவுக்கு அது கிடையாது. தாமதமாக வருபவர் தன் செலவில் ஊர் திரும்ப வேண்டும் என்று கப்பல் டிக்கெட்டின் விதிமுறைகளில் தெளிவாகவே இருக்கும்.

பினாங்கு நிறுவனத்தைத் துரத்தவும் வேண்டாம். உங்களுக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தமே இல்லை, அவர்கள் பெயரை நீங்கள் பார்த்ததே வேன் கதவில்தான். பணம் வாங்கியது தேக்கா முகவர், இன்வாய்ஸில் இருப்பது அவர் பெயர். "ஏற்பாடு செய்து தருகிறோம்" என்று விற்பவரின் பொறுப்பு வேறு, "சுற்றுலா வழங்குகிறோம்" என்று விற்பவரின் பொறுப்பு வேறு. உங்கள் விளம்பரத் தாளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். ஹாங்காங்கிலிருந்து, அப்போது அதன் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போய் 1995-ல் தீர்ப்பான ஒரு வழக்கில் இதே கேள்விதான் வந்தது. சீனாவுக்குப் போன ஒரு சுற்றுலாக் குழு தாமதமாகிப் படகைத் தவறவிட்டது. வேகப் படகில் ஏற்றியபோது விபத்தில் உயிர்கள் போயின. படகை ஓட்டியவர் எங்கள் ஆள் இல்லை என்றது ஹாங்காங் நிறுவனம். சேவையைத் தருவதாக ஒப்புக்கொண்டவர், அதை வேறொருவரை வைத்துச் செய்தாலும், கவனத்தோடும் திறமையோடும் நடப்பதற்குத் தானே பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. பிரிவி கவுன்சில் தீர்ப்புகளுக்குச் சிங்கப்பூர் நீதிமன்றங்களில் நல்ல மதிப்பு உண்டு.

இனி, பொறுப்பில்லை என்ற அந்த வரி. அது உங்கள் கைக்கு எப்போது வந்தது? வாட்ஸ்அப்பில் பேசி, பேநவ்வில் பணம் கட்டி, மறுநாள் இன்வாய்ஸ் பிடிஎஃப் வந்திருந்தால் ஒப்பந்தம் பணம் கட்டிய நாளே உறுதியாகிவிட்டது. பிறகு அனுப்பிய பொடி எழுத்து அதற்குள் நுழைய முடியாது. ஆனால் இதே முகவரிடம் முன்பும் பலமுறை இதே மாதிரி இன்வாய்ஸ் வாங்கியிருந்தால், விதிமுறை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் வாதாடலாம். அதை யோசித்து வையுங்கள். அப்படியே அது ஒப்பந்தத்தின் பகுதி என்று வைத்துக்கொண்டாலும், நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டத்தின்படி அது நியாயமானதாக இருந்தால்தான் செல்லும். நியாயமானது என்று நிரூபிக்க வேண்டியவரும் அவரே. பதிவிறக்கிய சுற்றுலா வழிகாட்டிச் செயலிக்கோ பொதுவான நகர உலாவுக்கோ போடுகிற வரியை, தலைப்பிலேயே "கப்பல் பயணிகளுக்கான" என்று அச்சடித்து விற்ற சுற்றுலாவுக்குப் போட்டால் அது நிற்பது கடினம். கப்பல் கிளம்பும் நேரத்துக்குள் கொண்டுவந்து விடுவதுதான் அவர் விற்ற பொருள். கோட்டையும் கோயிலும் அதற்குப் பிறகுதான். முகவருக்கு எழுதும் கடிதத்திலும், பிறகு நடுவர் மன்றத்துக்குப் போனால் அங்கேயும் இந்த ஒன்றையே அழுத்திச் சொல்லுங்கள்.

வழிகாட்டி திறமையாக வேலை செய்யவில்லை என்பதைக் காட்ட, அவர் ஊரைச் சுற்றிய வரிசையே போதும். கப்பல் நிற்பது ஸ்வெட்டன்ஹாம் துறையில். ஃபோர்ட் கார்ன்வாலிஸ் கோட்டை அங்கிருந்து சில நிமிட நடை. குயின் தெரு மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், கூ கொங்சி எல்லாமே பழைய நகரத்துக்குள் நடக்கும் தூரத்தில் இருப்பவை. மலை ரயிலின் அடிவார நிலையமும் கெக் லோக் சி கோயிலும் ஆயர் ஈத்தாம் பக்கம், துறைமுகத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். எனவே கப்பல் பயணிகளை அழைத்துப்போகிறவர் காலையில் முதல் வேலையாக மலைக்குப் போவார், கூட்டம் சேருமுன் இறங்குவார், அருகிலுள்ள கெக் லோக் சியைப் பார்ப்பார், மதியத்துக்குப் பின் பழைய நகரத்துக்கு வருவார். அங்கே தாமதமானாலும் நடந்தே கப்பலுக்கு வந்துவிடலாம். மலை ரயிலில் பயணம் சில நிமிடம்தான், நேரத்தைத் தின்பது வரிசை. மேலே போவதற்கு ஒரு வரிசை, இறங்குவதற்கு இன்னொன்று. பள்ளி விடுமுறையில் இரண்டாவது எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் வழிகாட்டி இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார். எளிதானதைக் காலையில் முடித்து, நடுவில் கடைகளுக்குக் கூட்டிப்போய், நேரத்தைக் கணிக்க முடியாத இடத்தையும் மாலை நெரிசலையும் கடைசிக்கு வைத்தார். (மாரியம்மன் கோயிலில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்று அவர் வாதாடலாம். அதற்காக நண்பகலுக்கு முன் அங்கே போவதில் தவறில்லை. கடைகளுக்கு அந்தச் சாக்கு கிடையாது.)

செண்டோலுக்கு வருவோம். 5.30-க்கு வரவேண்டிய நீங்கள் 6.05-க்கு வந்தீர்கள், 35 நிமிடத் தாமதம். செண்டோல் 20 நிமிடம். அதைக் கழித்தாலும் 5.45 ஆகிறது, அப்போதும் கப்பல் இல்லை. வேன் தாமதம் 60 நிமிடம், கடைகள் 120 நிமிடத்துக்கு மேல். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். செண்டோலை மறைக்காதீர்கள். முகவர் எப்படியும் சொல்லத்தான் போகிறார், நீங்களே முதலில் சொன்னால் உங்கள் மற்றப் பேச்சுக்கு நம்பகம் கூடும். நேரமாகிறது, நிறுத்த முடியாது என்று வழிகாட்டி சொல்லியும் கணவர் வற்புறுத்தியிருந்தால் மட்டும் தொகையில் கொஞ்சம் குறையலாம்.

தொகையில்தான் உங்கள் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஹோட்டல், விமானம், சாப்பாட்டுச் செலவையும் கேட்டு, வீணான கப்பல் இரவுக்கு 800 வெள்ளியும் கேட்டால் ஒரே நட்டத்தை இரண்டு முறை கேட்டதாகும். அந்த 800 வெள்ளியில் அடங்கியிருந்தது என்ன? ஒரு படுக்கை, சாப்பாடு, சிங்கப்பூர் வரை பயணம். அவற்றுக்குப் பதிலாகத்தான் 1,015 வெள்ளி செலவழித்திருக்கிறீர்கள். கூடுதலாக இருக்கும் செலவைக் கேளுங்கள், 800-ஐ விட்டுவிடுங்கள். சுற்றுலாக் கட்டணம் 475-ல் முழுதையும் கேட்க முடியாது. பழைய நகரத்தைப் பார்த்தீர்கள், மலைக்கும் போனீர்கள். ஆங்கிலம் தெரியாத மாமியாருக்காகவே தமிழ் வழிகாட்டி கேட்டது வாட்ஸ்அப்பில் இருந்தால் அதற்கு எடை உண்டு. விடுபட்ட கோயில், பறிபோன நேரம் எல்லாம் சேர்த்து 300 வெள்ளி கேட்பது நியாயம்.

மன உளைச்சலுக்கு 5,000 கிடைக்காது. சாதாரண ஒப்பந்தம் மீறப்பட்டால் மனவருத்தத்துக்கு இழப்பீடே இல்லை. மகிழ்ச்சிக்காகவே வாங்கும் விடுமுறை ஒப்பந்தம் இதற்கு விலக்கு. லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1972-ல் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று உண்டு. 63.45 பவுண்டு கட்டி சுவிட்சர்லாந்துக்குப் போனவருக்கு விருந்தினர் கூட்டத்தோடு கேளிக்கை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் வாரம் அந்தக் கூட்டத்தில் இருந்தது அவர் ஒருவர் மட்டுமே. மலைநாட்டுப் பாடகர் வேலை உடையோடு வந்து நாலு பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போனாராம். நீதிமன்றம் 125 பவுண்டு கொடுத்தது, கட்டிய பணத்தில் ஏறத்தாழ இரு மடங்கு. உங்கள் சுற்றுலாவின் விலையை வைத்துப் பார்த்தால் 500 வெள்ளி கேட்கலாம், அதற்கு மேல் போனால் பேராசையாகத் தெரியும். ஆக 1,015, 300, 500, மொத்தம் 1,815 வெள்ளி. பயணக் காப்புறுதி ஏதாவது கொடுத்திருந்தால் அதைக் கழியுங்கள்.

சொன்னதைத் தராமல் விற்றது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிக)ச் சட்டத்தின் கீழும் முறையற்ற செயலாகலாம். தமிழ் தெரிந்த வழிகாட்டி இல்லை என்பது விற்கும்போதே அவருக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பக்கம் வலுவாகும். தெரியாமல் நேர்ந்தது என்றால் ஒப்பந்த மீறலே போதும்.

சான்றுகளை இந்த வாரமே சேருங்கள். பினாங்குக்கு முந்தைய இரவு கப்பல் அறைக்கு வந்த தினசரித் தாள் அல்லது செயலியில் இருந்த நேரம் (செயலியில் பயணம் முடிந்த சில நாளில் மறைந்துவிடலாம்), விளம்பரத் தாள், பேநவ் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் முழுதும், படங்கள். கைப்பேசிப் படம் ஒவ்வொன்றிலும் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் அது போய்விடும். அதனால் மூலப் படத்தையே வையுங்கள். ஃபுக்கெட் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால், பினாங்கு நேரமும் சிங்கப்பூர் நேரமும் ஒன்று. கப்பல் அன்று எந்த நேரத்தைப் பின்பற்றியது என்று தினசரித் தாளில் இருக்கும், முகவர் இதைக் குழப்ப இடம் கொடுக்காதீர்கள். கரையில் உங்களைச் சந்தித்த கப்பலின் துறைமுக முகவர் ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் சேருங்கள்.

பிறகு முகவருக்கு ஒரு கடிதம்: நடந்தது, கணக்கு, 14 நாள் கெடு. கோபச் சொற்கள் வேண்டாம், அந்தக் கடிதத்தைப் பின்னால் நடுவரும் படிப்பார். முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் டிரஸ்ட் இணையப் பக்கத்தில் பார்க்கலாம். கழகத்திடம் புகார் கொடுத்தால் உரிமம் பற்றி விசாரிப்பார்கள், உங்கள் பணத்தை வாங்கித் தருவது அவர்கள் வேலை அல்ல. பயனீட்டாளர் சங்கமான கேஸ் சமரசம் பேச உதவும், ஆனால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் ஸ்மால் கிளைம்ஸ் எனப்படும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். வரம்பு 20,000 வெள்ளி. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். உங்கள் தொகை 5,000-க்குள் இருப்பதால் தனிநபருக்கான கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் யாரும் இரு தரப்புக்கும் வர முடியாது என்பதால் செலவு பயமும் இல்லை. சிங்பாஸ் மின் அடையாளம் வழியாக அரசு நீதிமன்றங்களின் சிஜேடிஎஸ் இணையத்தளத்தில் பதியலாம். முகவர் கடையின் பலகைப் பெயரைப் போடாதீர்கள். நிறுவனங்களைப் பதியும் ஆணையமான அக்ராவில் பதிவான நிறுவனப் பெயரும் யூஇஎன் என்ற பதிவெண்ணும் வேண்டும், இன்வாய்ஸில் இருக்கும். பெயர் தவறினால் உத்தரவு கிடைத்தும் வசூலிக்க முடியாமல் போகும். பேநவ் கணவர் கணக்கிலிருந்து போயிருந்தால் அவர் பெயரிலேயே பதிவது பாதுகாப்பு. ஐந்து பேர் பெயரும் முன்பதிவில் இருந்ததைக் காட்டுங்கள்.

முதலில் பதிவாளர் முன் கலந்துரையாடல், பெரும்பாலான வழக்குகளில் சமரசத்துக்கு அழுத்தம் இருக்கும். முகவர் 1,200, 1,300 வெள்ளி ரொக்கம் என்று வந்தால் யோசிக்கலாம். வவுச்சர் என்றால் வேண்டாம். தமிழில் இருக்கும் செய்திகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணையுங்கள். மாமியார் சாட்சி சொல்வதாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவைக்கவேண்டும். வழிகாட்டி தமிழில் பேசவில்லை என்பதை நேரில் கேட்டுச் சொல்ல அவர் ஒருவரே போதும்.