'வுவா வெர்த்' என்றால் என்ன? பிரான்ஸின் ஆற்றோரச் சைக்கிள் பாதைகளில் ஏற்றமே தெரிவதில்லையே, ஏன்?

பிரெஞ்சு மொழியில் நேரடி அர்த்தம் 'பசுமை வழி'. கார், பைக் எதுவும் வராத, நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், குதிரையில் போகிறவர்கள் போன்றவர்களுக்கான பாதை.

ஏற்றம் இல்லாததற்குக் காரணம், இவற்றில் பல சைக்கிளுக்காகப் போட்டவையே அல்ல. கால்வாய்க் கரைகளில் குதிரையும் ஆளும் கயிறு கட்டிப் படகை இழுத்துப் போன பாதைகள் இருந்தன, அப்புறம் ரயில் நின்றுபோன தடங்கள் இருந்தன, அவற்றையே பின்னாளில் செப்பனிட்டு விட்டார்கள். பர்கண்டி வட்டாரத்தில் ஜிவ்ரியிலிருந்து க்ளூனி போகும் பாதை அப்படி 1997இல் பழைய ரயில் தடத்தில் வந்ததுதான். பாரம் ஏற்றிய மாட்டுவண்டிக்காரர் மேட்டில் ஏறாமல் சுற்றிக்கொண்டு போவார் இல்லையா, ரயிலும் அதே மாதிரிதான், செங்குத்தாக ஏற முடியாது. அந்தச் சுகம் இன்று நம் காலுக்குக் கிடைக்கிறது!

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் போகும் சைக்கிள் பாதை. நெவேர் நகரத்துப் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் கடல் வரை சுமார் 900 கிலோமீட்டர், ஒர்லேயான், தூர், நாந்த் என்று வழியெல்லாம் ரயில் நிலையம் உள்ள ஊர்கள், அதனால் முடிந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இது முழுக்கப் பசுமை வழி இல்லை, நடுவில் கார் வரும் சின்னக் கிராமச் சாலைகளும் உண்டு.

கடலை நோக்கிப் போனால் இறக்கம், அதனால் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். சரிவு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் கூட இல்லை, காலுக்குத் தெரியாது. மேற்கிலிருந்து முகத்தில் அடிக்கும் காற்றுதான் தெரியும்.