ஊரிலிருந்து வந்த கடிதம் நீதிமன்றத்தில் எடுபடுமா?

கேள்வி: மெல்பேணில் இருக்கிறேன். அகதியாகக் கேட்ட என் பாதுகாப்பு விசாவைக் குடிவரவுத் திணைக்களம் மறுத்தது. அந்த முடிவை மறுபரிசீலனை செய்யும் தீர்ப்பாயமும் மார்ச் 4ஆம் திகதி மறுத்துவிட்டது. மின்னஞ்சலை 12ஆம் திகதிதான் பார்த்தேன். 2013இல் வவுனியாவில் என்னைப் பிடித்து வைத்திருந்ததைத் திணைக்கள அதிகாரி ஏற்றுக்கொண்டிருந்தார். தீர்ப்பாயமோ விசாரணையில் அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், நம்ப முடியாது என்று எழுதியிருக்கிறது. இப்போது கிராம அலுவலரின் கடிதம் வந்திருக்கிறது. நீதிமன்றத்தில் கொடுத்தால் விசா கிடைக்குமா?

பதில்: முதலில் கலண்டரைப் பாருங்கள். நீதிமன்றத்தில் மனுப் போட 35 நாள்தான் அவகாசம். அந்தக் கணக்கு மின்னஞ்சலைத் திறந்த நாளிலிருந்து அல்ல, முடிவில் போட்டிருக்கும் திகதியிலிருந்து ஓடுகிறது. ஏப்ரல் 8தான் உங்களுக்குக் கடைசி. தவறினால் கால நீட்டிப்புக் கேட்கலாம். ஆனால் அதற்கே தனியாக வாதாட வேண்டிவரும்.

சரி, கடிதத்துக்கு வருவோம். பெடரல் சர்க்கிட் மற்றும் குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாம் பிரிவுக்குத்தான் மனு போகும். நீங்கள் சொன்னது உண்மையா, ஊருக்குத் திரும்பினால் ஆபத்தா என்று அங்கே நீதிபதி பார்ப்பதில்லை. விசா கொடுக்கவும் அவரால் முடியாது. தீர்ப்பாயம் சட்டப்படி நடந்துகொண்டதா என்பதை மட்டுமே பார்ப்பார். ஆகவே கடிதம் அங்கே எடுபடாது.

கடிதத்தைவிட, விசாரணையில் கேட்காமலே எழுதினார்கள் என்று போகிற போக்கில் சொன்னீர்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஈரானியக் கப்பல் தொழிலாளி ஒருவரின் வழக்கு நினைவுக்கு வருகிறது. அகதி வழக்குகளில் பெயரை வெளியிடக் கூடாது என்பதால் எஸ்.இசட்.பி.இ.எல். என்ற எழுத்துகளால்தான் அவரை அறிவோம். திணைக்களம் மறுப்புக்குக் காரணமாகக் காட்டாத விஷயங்களை, முன்னறிவிப்பே இல்லாமல், தீர்ப்பாயம் நம்ப மறுத்தது. அது நியாயமான விசாரணை அல்ல என்று அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2006இல் சொன்னது. இன்றைய தீர்ப்பாயம் 2024 அக்டோபரில் புதிதாக வந்தது, நடைமுறைச் சட்டமும் மாறியிருக்கிறது. ஆனாலும் வாதிட இடமுண்டு. விசாரணையின் ஒலிப்பதிவை இன்றே கேட்டு வாங்குங்கள். உண்மையிலேயே கேட்கவில்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.

வெற்றி வாய்ப்பு இருப்பதாக நம்ப நியாயமான காரணம் உண்டு என்று சட்டத்தரணி கையெழுத்திட்டால்தான் உங்களுக்காக மனுப் போட முடியும். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுகிறவரிடம் போகாதீர்கள். தோற்றால் வழக்கில் எதிர்த்தரப்பான அமைச்சரின் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில் விழும். வழக்கு நடக்கும்வரை சட்டப்படி இங்கே தங்குவதற்கான இணைப்பு விசாவுக்கும் (bridging visa) தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இருப்பது முடியும்வரை காத்திருக்காதீர்கள்.

வென்றால் வழக்கு மறுபடி தீர்ப்பாயத்துக்கே போகும். கிராம அலுவலரின் கடிதத்துக்கு அங்கேதான் வேலை. கடித உறையையும் எறிந்துவிடாதீர்கள்.