ரயில் தயங்கினால் நிரலைத் தொடாதீர்கள்

பாம்பனை அடுத்த கடலோர ஊரான மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையும், மோட்டாருக்கு மின்சாரம் தரும் எல்298 ஷீல்டு பலகையும் வைத்து மாதிரி ரயிலுக்கு டிஜிட்டல் கட்டுப்பாட்டுக் கருவி செய்தேன். முதல் மாதம் நன்றாக ஓடியது. இப்போது என்ஜின் தயங்கித் தயங்கி நிற்கிறது. நிரலை மாற்றியும் பயனில்லை. ஷீல்டை மாற்றட்டுமா?"

மாற்ற வேண்டாம். ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய நிரல் தானாகக் கெடுவதில்லை. உங்கள் ஊர் உப்புக் காற்றில் முதலில் கெடுவது இணைப்புகள்தான். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தின் இரும்பையே அரித்த உப்பு அது.

உங்கள் கருவி பயன்படுத்தும் டிசிசி எனும் டிஜிட்டல் கட்டளை முறையில் மின்சாரமும் கட்டளையும் ஒரே தண்டவாளத்தில் போகின்றன. மின்னழுத்தம் திசை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோநொடி நீடித்தால் 'ஒன்று', ஏறத்தாழ 100 மைக்ரோநொடி நீடித்தால் 'சுழியம்'. பழைய நேர்மின்னோட்ட (டிசி) முறையில் சக்கரத்தின் தொடர்பு ஒரு கணம் அறுந்தால் என்ஜின் சற்றுக் குலுங்கும், அவ்வளவுதான். இங்கே என்ஜினுக்குள் கட்டளையைப் படிக்கும் டிகோடரே அணைந்து, மீண்டும் விழித்து, கட்டளைக்குக் காத்திருக்கும். நீங்கள் காணும் தயக்கம் அதுதான்.

சக்கரங்களைத் துடைத்துவிட்டு, புதிய தண்டவாளத் துண்டு ஒன்றில் என்ஜினை வையுங்கள். ஷீல்டிலிருந்து இரண்டு கம்பிகளை நேராக அதில் பற்றவைத்து ஓட்டுங்கள். தயங்காமல் ஓடினால் கோளாறு பாதையில் இருக்கிறது. மலிவான மல்டிமீட்டரின் ஏசி அளவு இந்த வேகத்துக்கு ஒத்துவராது. மின்சாரத்தை ஒரே திசையில் விடும் வேகமான டயோடுகள் நான்கால் ஒரு திருத்திச் சுற்று (பிரிட்ஜ்) கட்டி, அதன் மறுபக்கத்தில் டிசி அளவைப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது பாதையின் கடைசியில் ஓரிரு வோல்ட் குறைந்தால், தண்டவாளங்களைச் சேர்க்கும் தகட்டுக்குள் உப்பு புகுந்திருக்கிறது. அந்தத் தகடுகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கம்பி பற்றவைப்பதே கடற்கரைக்கு ஏற்ற வழி. வேலை அதிகம், ஆனால் நிலைக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறலில் அழுக்கு தங்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும்.

சர்க்யூட் பலகையில் ஒட்டியிருக்கும், பற்றவைக்கப் பயன்படும் ஃப்ளக்ஸ் பசையையும் அதே ஆல்கஹாலால் கழுவிக் காயவைத்து, அக்ரிலிக் பாதுகாப்புப் பூச்சு அடியுங்கள். இணைப்பு முனைகளில் மட்டும் பூச்சு படக்கூடாது.

கடைசியாக ஒரு சோதனை. பாதையின் கோடியில் இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே ஒரு காசை வையுங்கள். கருவி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் கம்பிகள் இன்னும் மெல்லியவையாக இருக்கலாம். அதுவரை ரயிலை ஓடவிட்டு அறையை விட்டுப் போகாதீர்கள்.