ஹார்ட் பாப் என்றால் என்ன, அதற்கு லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்' ஏன் உதாரணம்?

சுருக்கமாகச் சொன்னால், 1950களின் நடுவில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள், வேகமும் சிக்கலுமாக இருந்த பெபாப் ஜாஸுக்குள் ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் பாட்டு மரபையும் தேவாலயப் பாட்டின் உணர்ச்சியையும் திரும்பக் கொண்டுவந்ததுதான் ஹார்ட் பாப். காரணம் எளிது: பெபாப் உட்கார்ந்து கவனித்துக் கேட்கிற இசையாகிவிட்டது, காலாட்ட முடியவில்லை. மேடையில் செந்தமிழில் முழங்கியவர் வீட்டுத் திண்ணையில் அதே விஷயத்தை ஊர்ப் பேச்சில் சொல்வதுபோல. அறிவு குறையவில்லை, நாக்குதான் வீட்டுக்கு வந்துவிட்டது.

டிரம்பெட் கலைஞர் லீ மார்கன் 1963 டிசம்பரில், 25 வயதில், ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த ஆல்பம்தான் 'தி சைட்வைண்டர்'. தலைப்புப் பாட்டைக் கேளுங்கள், வழக்கமாக 12 தாளச் சுற்றுகளில் (bar) முடியும் ப்ளூஸ் அமைப்பை 24 ஆக நீட்டியிருக்கிறார், பின்னால் பேரி ஹாரிஸின் பியானோ ஒரே தாளத் துணுக்கை விடாமல் தட்ட, டிரம்பெட்டும் ஜோ ஹென்டர்சனின் சாக்ஸஃபோனும் சேர்ந்து மெட்டை எடுக்கின்றன. அடியில் ப்ளூஸ், மேலே காலாட்ட வைக்கும் தாளம், ஹார்ட் பாப் என்பது இதுதான். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும், ஆனால் அலுக்காது. (எனக்குப் பில்லி ஹிக்கின்ஸின் டிரம்ஸ் மட்டுமே போதும்.) அப்புறம், கிரைஸ்லர் கார் விளம்பரத்தில்கூட இது ஒலித்தது.

தமிழில் எழுதும்போது ஒன்றாகத் தெரிந்தாலும், இந்தப் 'பாப்'புக்கும் (bop) மைக்கேல் ஜாக்சன் பாடிய பாப் (pop) இசைக்கும் சம்பந்தம் இல்லை.